கோணியில் கட்டிய லில்லி

வேலூர் ஜெயில்
12-12-1926

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள சவுரியம்மாளுக்கு உன் புருஷன் தேவசகாயம் எழுதுவது.

தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து நீ பார்க்க வருவாய் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது உன் இஷ்டம். இங்கே சில மாதங்களுக்கு ஒரு முறைதான் கடிதம் எழுதவிடுவார்கள். அதையும் அதிகாரி படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். எனக்குத் தறி வேலை போட்டிருக்கிறார்கள். பதினைந்து வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் மரப்பட்டைக்கிடங்கு மேஸ்திரியாக இருந்தவனுக்குத் தறி புதுசு. கற்றுக்கொள்வேன். நாலு வருஷம் இருக்கிறதே.

ஷாப்புக் கூலியாள் கன்னியப்பன் விஷயத்தில் கோர்ட்டில் சொன்னதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. ஷாப்புக் கழிவுத் தண்ணீருக்குக் கால்வாய் வெட்ட நம் தோட்டத்துக்குள் வந்தான். மண்வெட்டியை என்மேல் ஓங்கினான். தள்ளினேன். பின்னால் கருங்கல் இருந்தது. ஒரே தள்ளுதான்.

இப்போது முக்கியமான சமாசாரம். வேலியோரம் கோணியில் கட்டி வைத்திருக்கிற விஷமூங்கில் லில்லிச் செடியை உடனே நடு. ஏலகிரி துரை பங்களா தோட்டக்காரன் கொடுத்தானே ரோஸ் லில்லி, அதன் மகரந்தத்தை ஆடி மாதத்தில் கோழி இறகால் இதன் பூவில் தடவி, வேறு வண்டு தொடாமல் மல் துணி கட்டினேன். மூன்று காய் பிடித்தது. சிவப்பு நூல் சுற்றியிருக்கும். விஷமூங்கில் ஆற்றோரத்தில் எந்தத் தண்ணீரைக் குடித்தும் பிழைக்கும், ஆனால் பூவைப் பார்த்தால் வெள்ளைச் சிலந்திபோல் இருக்கும். ரோஸ் லில்லி கண்ணுக்கு அழகு, நம் கிணற்று உப்புக்கு ஒரு வாரம் தாங்காது. இரண்டும் கலந்த விதை அந்தக் காய்களுக்குள் இருக்கிறது. ஆறு வருஷமாக இதற்குத்தான் பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியும். காய் தானாக வெடிக்கட்டும். விதையை ஆழமாகப் புதைக்காதே. பாதி வெளியே தெரியவேண்டும். தினமும் தண்ணீர் வேண்டாம்.

பதில் எழுது.

தேவசகாயம்


ஆம்பூர்
2-1-1927

உங்களுக்கு சவுரியம்மாள் எழுதறது.

கடிதாசி வந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன். செடிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. செத்துப்போன மனுஷனுக்கு அஞ்சு வரி.

நான் அவன் அடக்கத்துக்குப் போனேன். போகாதேன்னு தெருவே சொல்லிச்சு. போனேன். அவன் பொஞ்சாதி செல்லம்மாள் என்னப் பாத்தா. மூணு வயசுப் பொண்ணு சுந்தரி அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டு நின்னுது. அதுக்கு ஒன்னும் புரியல. செல்லம்மாள் ஷாப்புல பட்ட இடிக்கிற வேல கேட்டா. ஷாப்பு மொதலாளி சர்தார் பாஷா சாயபு இல்லன்னுட்டார். "மேஸ்திரிமேல மண்வெட்டி ஓங்கினவன் வீட்டுக்கு நான் வேல குடுத்தா நாளைக்கு எல்லாரும் ஓங்குவான்"ன்னாராம். அவரச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க கோர்ட்ல சொன்னதத்தான் அவரும் கேட்டார்.

கால்வாயக் கேட்டீங்களா? கேக்கல. மறுவாரமே வேற ஆள் வந்து வெட்டிட்டுப் போய்ட்டான். தோட்டத்துப் பின்பாதி ஷாப்பு நெலம்தானே, யாரு தடுக்கறது. தண்ணி ஓடுது. ரோஜா, மல்லி எல்லாம் கருகிடுச்சு. கிணத்துத் தண்ணி வாயில வெக்க முடியல. குடிக்கிறதுக்குப் பாலாத்து மணல்ல ஊத்துத் தோண்டி எடுத்துக்கிட்டு வர்றேன்.

நான் ஜெயிலுக்கு ஏன் வரலன்னா, உங்க மொகத்தப் பாத்து ஒன்னு கேக்கணும். தைரியம் வரல. இதுல கேக்கறேன். படிக்கிறவங்க படிக்கட்டும்.

கோணியில கட்டி வேலியோரம் வெச்சிருக்கிற செடின்னு எழுதியிருக்கீங்க. யாரு கட்டினது? அன்னிக்கு முதல் வெள்ளி. காலையில நான் பூசைக்குக் கெளம்பறப்ப செடி மண்ணுலதான் இருந்துச்சு. பாத்திரம் கழுவின தண்ணிய நானே அதும்மேல ஊத்திட்டுப் போனேன். கோயில் பெருக்கி முடிச்சு மத்தியானம் வந்தா அவன் கீழ கெடக்கிறான். செடி ஈரக்கோணியில, வேர்மண்ணு உதிராம சுத்தி, வாழநாருல கட்டி வேலியில சாச்சிருந்துச்சு. அதும் பக்கத்துல அவன் மண்வெட்டியும் சாச்சிருந்துச்சு.

உங்கமேல ஓங்கின மண்வெட்டி, வேலிக்குப் போயி எப்படி சாஞ்சுக்கிட்டுது?

சவுரியம்மாள்


வேலூர் ஜெயில்
20-3-1927

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் இரண்டு பேர் படித்திருக்கிறார்கள். அதை நினைத்து எழுது.

செடியை நானே கட்டியிருக்கலாம். அன்றைய கலவரத்தில் எனக்கு எதுவும் சரியாக நினைவில் இல்லை. மண்வெட்டியை யாராவது எடுத்து ஓரமாக வைத்திருப்பார்கள். வக்கீல் ஐயா என்னைக் காப்பாற்றத்தான் யோசனை சொன்னார். அவர் சொன்னபடி சொல்லியிராவிட்டால் பத்து வருஷம் போட்டிருப்பார்கள். நீ அந்தப் பத்து வருஷத்தை யோசித்தாயா?

செல்லம்மாளுக்கு வேலை இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்.

செடியை நட்டாயா இல்லையா? அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. வெயில் காலம் வருகிறது. காய்கள் இந்நேரம் வெடித்திருக்கும்.

அந்த விஷயத்தை இனி எழுதாதே.

தேவசகாயம்


ஆம்பூர்
10-4-1927

உங்களுக்கு,

செடிய நான் தொடல. கோணியோட அப்படியே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன். ஏழு மாசம் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. போன வாரம் பெருக்கப் போனப்ப பாக்கறேன், காய் வெடிச்சு விதை கோணிக்குள்ளயே உழுந்து மொளச்சிருக்கு. ஒவ்வொன்னும் சின்ன உருளக்கெழங்கு மாதிரி இருக்கு. மண்ணும் இல்லாம தண்ணியும் இல்லாம தன் சதையத் தானே தின்னுக்கிட்டு வேர் வுட்டிருக்கு. பதினோரு மொள.

செடிமேல எனக்குக் கோவம் இல்ல. வேற எடம் இல்லாததால தாய்ச்செடியையும் மொளையையும் கால்வாய்க் கரையிலயே வெச்சேன். பொழச்சா பொழைக்கட்டும்.

உங்களுக்கு நெனவில்லன்னு எழுதியிருக்கீங்க. மகரந்தம் தடவின நாள், எந்தப் பூவு, எந்த நூலு, எல்லாம் நெனவிருக்கு. உங்களோட பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணவ நான். உங்களுக்கு எது மறக்கும் எது மறக்காதுன்னு எனக்குத் தெரியாதா?

கேட்டதுக்குப் பதில் வர்ற வரைக்கும் எழுதமாட்டேன்.

சவுரியம்மாள்


வேலூர் ஜெயில்
6-11-1927

சேசு மரி சூசை துணை.

சவுரியம்மாளுக்கு,

ஜூனில் எழுதினேன். ஆகஸ்டில் எழுதினேன். சொன்னபடியே நீ பதில் எழுதவில்லை. புதன்கிழமை கல்லறைத் திருநாள். சாமியார் வந்து பூசை வைத்தார். இறந்தவர் பெயரை அவரவர் மனதில் சொல்லுங்கள் என்றார். என் அப்பா பெயர் வரவில்லை. அம்மா பெயர் வரவில்லை. வேறு பெயர் வந்தது. அன்றிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று மத்தியான மணி அடித்ததும் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தேன். தோட்டத்துப் பக்கம் மண் குவித்திருந்தது தெரிந்தது. ஓடினேன். விஷமூங்கில் இருந்த இடத்தில் பள்ளம். கன்னியப்பன் பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தான். கையில் ஒன்றுமில்லை. "அடப்பாவி, இன்னாடா பண்ணிட்டே!" என்று கத்தினேன். நிமிர்ந்தான். சிரித்த முகம். "மேஸ்திரி, செடி..." என்றான். மீதியைச் சொல்ல நான் விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினேன்.

அவன் விழுந்த பிறகுதான் வேலியோரம் பார்த்தேன். நான் கட்டினால்கூட அவ்வளவு பதவிசாகக் கட்டியிருக்கமாட்டேன். காய்கள் உரசாமல் வாழைச்சருகு வைத்திருந்தான். அவனைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தேன். தலை நிற்கவில்லை. உயிர் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் தண்ணீர் எடுக்க ஓடவில்லை, ஆள் கூப்பிடவில்லை. அவன் சொல்ல வந்தது என்ன என்று எனக்குப் புரிந்துபோனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் கை ஓங்கவில்லை. கோர்ட்டில் நான் சொன்னது பொய். வக்கீல் சொல்லச் சொன்னார் என்பது உண்மை. சொன்னது என் வாய்.

இதைப் படிக்கிற அதிகாரிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இதை நீ செல்லம்மாளிடம் சொல்லவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லவேண்டாம் என்றும் எழுத முடியவில்லை.

தேவசகாயம்


ஆம்பூர்
27-11-1927

உங்களுக்கு சவுரியம்மாள் எழுதறது.

படிச்சேன். ஒரு நாள் பூரா பொட்டியில வெச்சிருந்தேன். அப்புறம் எடுத்துக்கிட்டு ஊத்துக்குப் போனேன். செல்லம்மாளும் அங்கதான் தண்ணி எடுக்கறா. இத்தன நாளா நான் ஒரு ஊத்து, அவ ஒரு ஊத்து. அன்னிக்கு அவ ஊத்துக்கிட்ட போயி ஒக்காந்தேன்.

"செல்லம்மா, ஒரு கடிதாசி படிக்கணும். கேப்பியா?"

"யாரு எழுதினது?"

"எங்க வீட்டுக்காரர்."

குடத்த வெச்சா. "படி"ன்னா.

படிச்சேன். தலை நிக்கலன்னு எழுதியிருந்தீங்களே, அந்த எடத்துல நிறுத்தினேன். "நிறுத்தாத"ன்னா. முடிக்கிற வரைக்கும் மணலப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, "சிரிச்சுக்கிட்டா இருந்தாரு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"காலையில போறப்ப சொல்லிட்டுத்தான் போனாரு. மேஸ்திரி அந்தச் செடிய உசுரா வெச்சிருக்கான், நானே போறேன், வேற எவனாவது போனா வெட்டிப்போட்டுடுவான்னு." இதச் சொல்லிட்டுத்தான் அழுதா. ஒன்னே கால் வருஷத்துக்கு அப்புறம் அவ அழுது இப்பத்தான் பாக்கறேன்.

இப்ப நான் சொல்லவேண்டியது ஒன்னு இருக்கு. அவகிட்டயும் சொல்லிட்டேன். போலீசு வர்றதுக்கு முன்னால அந்தக் கோணியத் தூக்கி உள்ளறையில வெச்சு, மேல பழைய பாய் போட்டு மூடினது நான்தான். மண்வெட்டியையும் எடுத்து மண்ணுமேல போட்டேன். அவுங்க போனப்புறம் கோணியப் பழையபடி வெளியில கொண்டாந்து சாச்சேன். யாரும் சொல்லிச் செய்யல. உங்களக் கூட்டிக்கிட்டுப் போய்டுவாங்கன்னு கை தானா செஞ்சுடுச்சு. உங்களக் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினேனே, அது உங்களுக்கு மட்டும் கேட்ட கேள்வி இல்ல.

செல்லம்மாள் என்ன ஏசல. எந்திரிச்சு குடத்த எடுத்தா. "உள்ளூர்ல எல்லாப் பசங்களும் எம்பொண்ண கை ஓங்கினவன் பொண்ணுன்னு கூப்புடுதுங்க. எங்கிட்ட படிச்சு இன்னா ஆவும்? ஷாப்பு கேட்டுல, அத்தன ஆளும் இருக்கறப்ப, அவரு வாயால சொல்லணும். எம்புருஷன் கை ஓங்கலன்னு சொல்லணும்"ன்னா.

சாயபுகிட்ட நான் போயி கடிதாசியக் காட்டினேன். படிச்சுட்டு மடிச்சுக் குடுத்தார். மறுநாள் அவளுக்குப் பட்டைக்கிடங்குல வேல குடுத்துட்டார்.

செடி: பதினொன்னுல ஏழு நிக்குது.

சவுரியம்மாள்


வேலூர் ஜெயில்
12-2-1928

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

கோர்ட்டில் சொன்ன பொய்யைத் திருத்த வழி உண்டா என்று அதிகாரியிடம் போய் நானே கேட்டேன். கடிதத்தைப் படித்தவர்தான். வழக்கு முடிந்துபோனது, எழுதிக்கொடு, மேலே அனுப்புகிறேன் என்றார். எழுதிக்கொடுத்தேன். கூடுதல் தண்டனை வந்தால் வரட்டும் என்று இருந்தேன். இன்றுவரை ஒன்றும் வரவில்லை. கோணியைப் பற்றி நான் அதில் எழுதவில்லை. அது உன்னுடையது.

செல்லம்மாள் கேட்டது நியாயம். ஆனால் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த கேட்டுக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். என்கீழ் வேலை செய்தவர்கள். அவர்கள் முன்னால் நின்று, நான் தள்ளினவன், பொய்யும் சொன்னவன் என்று சொல்லவேண்டும். ஜெயில் சுவருக்குள் இருப்பதே சுகம் என்று சில நாள் தோன்றுகிறது.

உப்புத் தண்ணீரில் ஏழு நிற்கிறது என்று படித்தபோது சந்தோஷம் வந்தது. வந்த உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எழுதுகிறேன். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே இருக்கட்டும், மூடினால் அழுகும். ஒன்றுக்கொன்று ஒரு முழம் இடைவெளி விடு. மழைக்குப் பிறகு கறுப்பும் வெள்ளையும் வரியோடிய புழு வரும், ஒரே நாளில் இலையைத் தண்டுவரை தின்னும். காலையில் கையால் பொறுக்கிவிடு. மூன்றாம் வருஷத்துக்கு முன்னால் பூ எதிர்பார்க்காதே.

தேவசகாயம்


ஆம்பூர்
18-8-1929

உங்களுக்கு சவுரியம்மாள் எழுதறது.

நடுவுல நீங்க எழுதின கடிதாசிங்களுக்கெல்லாம் நாலு வரிதான் பதில் போட்டேன். தையல் வேல ஜாஸ்தி. இன்னிக்கு ஞாயிறு, ஒக்காந்து எழுதறேன்.

பூத்திருக்கு.

ஏழுல மூணு புழு தின்னு போச்சு. நாலு நின்னுது. அதுல ஒன்னு ரெண்டு வாரத்துக்கு முன்னால தண்டு வுட்டுச்சு. என் இடுப்பு ஒயரம். தண்டு கருஞ்செவப்பு. உச்சியில ஒம்போது மொட்டு. சாயந்தரம் வெளக்கு வெக்கற நேரத்துல ரெண்டு ரெண்டா விரியுது. விஷமூங்கில் மாதிரி ஒல்லி இதழும் இல்ல, துரை பங்களாப் பூ மாதிரி மணி வடிவமும் இல்ல. நடுவாந்தரம். உள்பக்கம் வெளிர் ரோசு, ஒவ்வொரு இதழ் நடுவுலயும் அடர்த்தியா ஒரு கோடு. வாசம் மட்டும் விஷமூங்கில் வாசம். கால்வாய்த் தண்ணியில கால் வெச்சா பித்தவெடிப்பு எரியுது. அந்தத் தண்ணியில வேர் வுட்டுக்கிட்டு நிக்குது. நீங்க சொன்னது சரிதான். பொழச்சுது.

ஷாப்பு ஆளுங்க வேலியாண்ட நின்னு பாத்துட்டுப் போறாங்க. சாயபும் வந்தார். "இது இன்னா ஜாதி?"ன்னு கேட்டார். பேர் இல்லன்னேன்.

எனக்கு ஒன்னு தோணிச்சு, செஞ்சேன். செஞ்சிருக்கக்கூடாது. தண்ட அறுத்து எடுத்துக்கிட்டு செல்லம்மாள் வீட்டுக்குப் போனேன். கன்னியப்பனப் பொதச்ச எடத்துல வெக்கலாமான்னு கேட்டேன். அவரு தூக்கி வெச்ச செடியோட பூவுன்னேன். அவ வாசப்படியிலயே நின்னா. பூவப் பாத்தா. நல்லாத்தான் இருக்குன்னா. அப்புறம், "பூவ வெச்சு நான் இன்னாக்கா பண்றது? உங்க வீட்டுக்காரரு வருவாரா, சொல்லுவாரா? அதச் சொல்லு"ன்னா.

திரும்பி வந்துட்டேன். பூவ மாதா பீடத்துலயும் வெக்கல. எனக்கு வெக்கத் தோணல.

அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. அது நீங்க சொல்லவேண்டிய பதில்.

சவுரியம்மாள்


வேலூர் ஜெயில்
5-1-1930

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

நன்னடத்தைக் கழிவு போக இம்மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை விடுகிறார்கள். சொல்வேன். செல்லம்மாளிடம் சொல்லிவிடு. அன்று சாயங்காலம் வேலை விடுகிற மணி அடிக்கும்போது ஷாப்பு கேட்டில் நிற்பேன். சாயபுவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

என்ன சொல்வது என்று தினமும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். முதலில் நீளமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் குறைந்து இப்போது நாலு வரிதான் மிஞ்சியிருக்கிறது.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது நான் எதுவும் எழுதவில்லை. நீ ஒரு தடவையும் பார்க்க வரவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தேவசகாயம்


ஆம்பூர்
2-2-1930

உங்களுக்கு சவுரியம்மாள் எழுதறது.

ராணிப்பேட்டையிலிருந்து நீங்க போட்ட கார்டு வந்துச்சு. அங்க ஒரு தோல் ஷாப்புல வேலக்கி சேந்துட்டேன், இனிமே இங்கயே இருந்துடறேன், உனக்கும் நல்லது செல்லம்மாளுக்கும் நல்லதுன்னு எழுதியிருக்கீங்க.

அன்னிக்கு நீங்க சொன்னதும் தலயத் தூக்காம ரயில் டேசனுக்கு நடந்துட்டீங்க. யாரு மொகத்தையும் பாக்கல. என் மொகத்தையும் பாக்கல. அதனால அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எழுதறேன்.

நீங்க சொன்னப்ப நான் செல்லம்மாள் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். "கன்னியப்பன் கை ஓங்கல. என் செடியக் காப்பாத்தினான். நான் தள்ளிக் கொன்னேன். கோர்ட்ல பொய் சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னீங்க. சத்தம் கம்மியாத்தான் வந்துச்சு, ஆனா பின்னால நின்னவங்க வரைக்கும் கேட்டுச்சு. அவ்வளவு அமைதி. நீங்க தெரு திரும்பற வரைக்கும் ஒருத்தரும் அசையல. அப்புறம் கிடங்குல வேல செய்யற காசிக் கெழவன் தலமுண்டாச அவுத்துக் கையில புடிச்சுக்கிட்டான். அவனப் பாத்து மத்தவங்களும் அவுத்தாங்க. உங்களுக்கு இல்ல. கன்னியப்பனுக்கு.

அப்ப நானும் முன்னால போனேன். கோணிய ஒளிச்சுது நான், மண்வெட்டிய எடுத்துப் போட்டதும் நான்னு சொன்னேன். நீங்க மட்டும் சொல்லி நான் சும்மா நின்னா அதுவும் ஒரு பொய்தானே.

சுந்தரி இப்ப ஆறு முடிஞ்ச பொண்ணு. அம்மாவக் கேட்டுது. "அவருதான் அப்பாவத் தள்ளினாரா?"

"ஆமா."

"அப்பா அடிக்கப் போவலியா?"

"போவல. நல்லா கேட்டுக்க. உங்கப்பா அடிக்கப் போவல."

அதுக்கப்புறம் செல்லம்மாள் எங்கிட்ட சொன்னா, "சொன்னாரு, கேட்டேன். அதுக்காக மன்னிச்சேன்னு எங்கிட்ட எதிர்பாக்காதக்கா. வரல."

"எதிர்பாக்கல"ன்னேன். ரெண்டு பேரும் ஒன்னாத்தான் வீட்டுக்கு நடந்தோம்.

இப்ப உங்க கார்டுக்குப் பதில். அவளுக்கு நல்லதுன்னு எழுதியிருக்கீங்க. அவளக் கேட்டீங்களா? நான் கேட்டேன். "இங்க இருந்தா இருக்கட்டும், ஓடிப்போனா ஓடிட்டான்னுதான் சொல்லுவாங்க"ன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுது. மூணு வருஷம் ஜெயில்ல இருந்தது சர்க்காருக்கு. நான் அங்க வராததுக்கு என்னென்னமோ காரணம் சொல்லிக்கிட்டேன். கோணிய மூடின கையோட உங்க முன்னால வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு, அதான் நெசம். இப்ப அந்த வெக்கம் இல்ல.

செல்லம்மாள் தெனம் காலையில நம்ம வாசல் வழியாத்தான் ஷாப்புக்குப் போறா. சாயந்தரம் அதே வழியாத்தான் திரும்பறா. அவ போறப்ப நீங்க வாசல்ல இருக்கணும். உள்ள போயி ஒளிஞ்சுக்கக்கூடாது. மொதல் நாள் மொகத்தத் திருப்பிக்குவா. ஒரு மாசம் திருப்பிக்குவா. காலம் முழுக்கக்கூட திருப்பிக்கலாம். அப்பவும் இருக்கணும். நானும் கூட நிக்கறேன்.

சனிக்கெழம வண்டியில வாங்க.

சவுரியம்மாள்